ஆடுபவர் சொல்வதும் ஆடுபவர் படுவதும்



இந்த மேடையில் கவிதை பேசப்பட்டிருக்கிறது, நாடகம் பேசப்பட்டிருக்கிறது, திரைப்படம் பேசப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டு வீடியோ கேமைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். கேம் என்றதும் பெற்றோர் மனதில் எழும் கேள்வி, அது பிள்ளைகளைக் கெடுக்குமா என்பதுதான். அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். நான் இன்று எடுத்துக்கொண்டது, கேம் செய்கிறவர்களின் மேசைமேல் நாள்தோறும் வந்து விழுகிற வேறொரு கேள்வி. ஆடுகிறவர் "இது சரியில்லை" என்கிறார். அந்தச் சொல்லுக்கு என்ன எடை? கேட்டபடியே மாற்றிவிடுவதா, கேட்காததுபோல் இருந்துவிடுவதா, அந்தச் சொல்லுக்குப் பின்னால் போய் வேறெதையோ தேடுவதா? பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைவிடக் கடினமான கேள்வியை நான் சந்தித்ததில்லை.

சின்ன வயதில் தாயம் ஆடாதவர்கள் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருப்பீர்கள். எங்கள் வீட்டில் எதிராளியின் காயை ஒருமுறையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம். இரண்டு தெரு தள்ளி அத்தை வீட்டில் அந்த விதி கிடையாது. அத்தை வீட்டுப் பிள்ளைகள் வந்தால், ஆட்டம் தொடங்குவதற்கு முன் "வெட்டு உண்டா, இல்லையா?" என்று ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். கடைக்குட்டிக்குத் தாயமே விழாமல் கண் கலங்கினால், "அஞ்சு விழுந்தாலும் இறங்கிக்கடா" என்று பாட்டி ஒரு சலுகை கொடுப்பார். விதி பிடிக்கவில்லை என்றால் திண்ணையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் கேமில் அந்த வசதி போய்விட்டது. விதி புரோகிராமுக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி கேம் செய்தவரிடம் இருக்கிறது. ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்யக்கூடியது இரண்டுதான். வாய்விட்டுச் சொல்லலாம், அல்லது மூடிவைத்துவிட்டுப் போய்விடலாம். பாட்டி செய்த வேலை இப்போது கேம் செய்பவர் தலையில் விழுந்திருக்கிறது. பாட்டிக்கு ஒரு வசதி இருந்தது. கலங்கிய கண்ணை அவர் நேரில் பார்த்தார். நமக்கு வருவது சொல் மட்டும். அதுவும் எங்கிருந்தோ, யாரிடமிருந்தோ, பெரும்பாலும் கோபத்தோடு.

சொல்லுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை எனக்குக் காட்டியவள் என் அக்கா மகள். சில ஆண்டுகளுக்கு முன் போனில் ஆடும் சின்ன கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். வறண்ட ஊருக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். முதல் கட்டத்தில் ஒரு கிணறு, அதன்மேல் ராட்டினம், ராட்டினத்தில் கயிறு. கயிற்றைத் தொட்டுக் கீழ்நோக்கி இழுத்தால் வாளி மேலே வரும். அவளுக்கு அப்போது பதினோரு வயது. போனைக் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

கயிற்றை ஒருமுறை தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. வாளியைத் தட்டினாள். கிணற்றுச் சுவரைத் தட்டினாள். மறுபடி கயிற்றை, இந்த முறை விரைவாக நாலைந்து தட்டு. போனைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். தன் விரலில் ஈரம் இருக்கிறது, தப்பு தன்னுடையது என்று நினைத்திருக்கிறாள். "இழு" என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நான்கு நிமிடத்துக்குமேல் ஆயிற்று. கட்டை விரல் தற்செயலாக வழுக்கி வாளி மேலே வந்தது.

ஆடி முடித்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "சூப்பரா இருந்துச்சு மாமா" என்றாள். விடாமல் கேட்டபோது, "கயித்துப் பக்கத்துல ஒரு அம்புக்குறி போடலாம் மாமா" என்றாள். அன்று இரவே அம்புக்குறி போட்டேன். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் ஆடினார்கள். மூவரும் அம்புக்குறியையே தட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தேன். கயிற்றை நான் விறைப்பாக, ஒரு கம்பியைப் போல வரைந்திருந்தேன். கம்பியைப் பார்த்தால் யாருக்கும் இழுக்கத் தோன்றாது. நுனியில் ஒரு முடிச்சு போட்டு, காற்றில் லேசாக ஆடும்படி செய்தேன். அம்புக்குறியை எடுத்துவிட்டேன். அதன்பின் ஆடிய பிள்ளைகள் தயங்காமல் இழுத்தார்கள்.

அவள் சொன்ன "சூப்பர்" மாமாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காக வந்தது. அவள் சொன்ன அம்புக்குறி, நோயைச் சரியாக உணர்ந்தவள் சொன்ன தவறான மருந்து. பாவாடையில் துடைத்த விரல்தான் எனக்குக் கிடைத்த உண்மையான தகவல். ஆடுகிறவர் படுகிற பாட்டில் பொய் இருக்க முடியாது. அவர் சொல்கிற காரணத்தையும் தீர்வையும் நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்று நான் உங்கள்முன் வைக்க வந்தது இந்த ஒன்றைத்தான்.

இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன். மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர், 2016இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் தன் இருபது ஆண்டு அனுபவத்திலிருந்து இருபது பாடங்களைச் சொன்னார். ஆடுகிறவர்கள் சிக்கலைக் கண்டுபிடிப்பதில் வல்லவர்கள், அதைத் தீர்ப்பதில் அல்ல என்பது அவற்றில் ஒன்று. டாக்டரிடம் போகிறவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியும். ஏன் வலிக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் வலியைக் காது கொடுத்துக் கேட்காத டாக்டரிடம் யாரும் போகமாட்டார்கள்.

பேசாமல் உட்கார்ந்து பார்ப்பதை ஒரு முறையாகவே வளர்த்தவர்களில் வால்வ் நிறுவனத்தாரை முதலில் சொல்ல வேண்டும். அவர்களுடைய முதல் கேம் ஹாஃப்-லைஃப் 1997 இறுதியில் வர வேண்டியது. செய்து முடித்ததை அவர்களே ஆடிப் பார்த்து, இது போதாது என்று முடிவுகட்டி, ஏறக்குறைய முழுவதையும் மறுபடி செய்தார்கள். 1998 நவம்பரில்தான் வெளியானது. அந்தக் குழுவில் இருந்த கென் பேர்ட்வெல் பிறகு எழுதிய கட்டுரை ஒன்றில் தாங்கள் செய்ததை விவரித்திருக்கிறார். வெளியாள் ஒருவரை அழைத்து உட்காரவைப்பார்கள். அந்தப் பகுதியை வடிவமைத்தவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் திருத்த வேண்டியவை என்று சுமார் 100 குறிப்புகள் சேரும். இப்படி 200க்கும் மேற்பட்ட அமர்வுகள். ஒரு வாசல் எல்லார் கண்ணிலும் படும் என்று நினைத்துச் செய்தவர், அந்த வாசலைத் தாண்டி இருபது நிமிடம் ஒருவர் அலைவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட நல்ல ஆசிரியர் இந்தத் தொழிலில் கிடையாது.

அதே நிறுவனத்தின் போர்ட்டல் என்ற கேம் 2007இல் வந்தது. அதில் ஒரு நீண்ட கட்டம். ஒரு பெட்டியைக் கடைசி வரை கூடவே தூக்கிக்கொண்டு போனால்தான் முடிக்க முடியும். சோதித்தவர்கள் வழியிலேயே பெட்டியை விட்டுவிட்டுப் போய், பிறகு திண்டாடினார்கள். "பெட்டியை விடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்; அது அம்புக்குறி வைத்தியம். வால்வ் குழு அந்தப் பெட்டியின்மேல் ஓர் இதயம் வரைந்தது. அது உன் துணை என்று கேமில் வரும் குரல் சொன்னது. அதன்பின் யாரும் பெட்டியை விடவில்லை. கட்டத்தின் முடிவில் அதை உலையில் போட வேண்டி வந்தபோது பலர் மனம் கலங்கினார்கள். "எனக்கு ஒரு துணை வேண்டும்" என்று சோதிக்க வந்த எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். மறந்துபோனார்கள், அவ்வளவுதான். அந்த மறதியிலிருந்து கேமின் புகழ்பெற்ற பாத்திரங்களில் ஒன்று பிறந்தது.

சொல் எப்படித் திசைமாறி வரும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம். 2001இல் வந்த முதல் ஹேலோவைச் செய்த பங்கி நிறுவனத்தார், எதிரிகள் அறிவுடன் நடந்துகொள்கிறார்களா என்று சோதித்தவர்களிடம் கேட்டார்கள். எதிரிகள் சுலபமாகச் செத்துவிழும் பதிப்பை ஆடியவர்களில் சிலர், எதிரிகளுக்கு மூளை இல்லை என்றார்கள்; மிகவும் கெட்டிக்காரர்கள் என்றவர்கள் மிகச் சிலரே. எதிரிகளின் உயிர்வலுவைக் கூட்டிய பதிப்பில் அப்படிச் சொன்னவர்கள் பல மடங்கு அதிகம். இரண்டு பதிப்பிலும் மூளை ஒன்றேதான். முதல் பதிப்பில் எதிரி தன் தந்திரத்தைக் காட்டுவதற்குமுன் செத்துவிட்டான். "எதிரிக்கு அறிவு போதாது" என்ற புகாரை அப்படியே எடுத்துக்கொண்டு, புரோகிராமர்கள் ஆறு மாதம் மூளையைத் திருத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2007இல் ஹேலோ 3 வருவதற்குமுன் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் சுமார் 600 பேரை 3,000 மணி நேரம் ஆடவைத்துப் பதிவு செய்தார்கள். யார் எங்கே செத்தார்கள், எந்த நேரத்தில் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாக விழுந்தது. காட்டுக் கட்டம் ஒன்றில் புள்ளிகள் முன்னேறாமல் சிதறிக் கிடந்தன. வழி தெரியாமல் வந்த பாதையிலேயே திரும்பித் திரும்பி அலைந்திருக்கிறார்கள். நிலத்தின் அமைப்பை மாற்றினார்கள். ஒரு மேட்டிலிருந்து கீழே குதிக்கலாம், மறுபடி ஏற முடியாது. அலைச்சல் நின்றது. அறிவிப்புப் பலகை எதுவும் வைக்கவில்லை.

கூடவே உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு ஆள், இரண்டு ஆள். பதிவுகளைப் படிக்கும்போது நூறு, ஆயிரம். இரண்டும் வேண்டும். புள்ளிகள் எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. என் அக்கா மகளின் நான்கு நிமிடம் ஒரு பட்டியலில் "240 வினாடி" என்று விழுந்திருக்கும். விரலைத் துடைத்தது விழுந்திருக்காது.

கண் பார்க்கிற இந்தச் சிக்கல்களெல்லாம் ஒருவகையில் எளியவை. மனம் படுகிற சிக்கல்கள் கடினமானவை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் வெளியாவதற்குமுன் நடந்த பீட்டா சோதனையில், ஒரே மூச்சாக மணிக்கணக்கில் ஆடுவதைத் தடுக்க, அதைச் செய்த பிளிஸார்ட் நிறுவனம் ஒரு விதி வைத்தது. நெடுநேரம் ஆடினால், கிடைக்கும் அனுபவப் புள்ளி பாதியாகக் குறைந்துவிடும். எல்லாரும் வெறுத்தார்கள். தலைமை வடிவமைப்பாளராக இருந்த ராப் பார்டோ பிறகு இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர்கள் செய்த மாற்றம் பெயரளவில்தான். பாதியை நூறு சதவீதம் என்றார்கள். பழைய முழுப் புள்ளியை இருநூறு சதவீதம் என்றார்கள். ஓய்வெடுத்துவிட்டு வந்தால் இரட்டிப்புப் புள்ளி என்று அறிவித்தார்கள். கணக்கு அதேதான். வெறுத்தவர்களே கொண்டாடினார்கள்.

இதைக் கேட்கும் மாணவர்கள் சிலர், இது ஏமாற்று இல்லையா என்று என்னிடம் கேட்பார்கள். நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஆடுகிறவர்களுக்குப் புள்ளிக் கணக்கு வலிக்கவில்லை. உழைத்தவனுக்குக் கூலியைக் குறைக்கிறாயே என்ற உணர்வுதான் வலித்தது. அந்த உணர்வை மதித்தார்கள். நெடுநேரம் ஆடாதே என்ற தங்கள் நோக்கத்தையும் கைவிடவில்லை. இரண்டையும் காப்பாற்றிய மாற்றம் அது. நல்ல தீர்வு என்றே சொல்வேன்.

சிட் மெய்யர் சொன்னதும் இந்த வகைதான். சிவிலைசேஷன் வரிசையைத் தொடங்கிய அவர், 2010 கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் பேசும்போது சிவிலைசேஷன் ரெவல்யூஷன் சோதனையில் கண்டதைச் சொன்னார். போருக்குமுன் திரையில் மூன்றுக்கு ஒன்று என்று வாய்ப்பு காட்டும். நான்கில் ஒருமுறை தோற்க வேண்டும் என்பது கணக்கு. தோற்றதும், மூன்று என்பது ஒன்றைவிட எவ்வளவு பெரியது, நான் எப்படித் தோற்க முடியும் என்று சண்டைக்கு வந்தார்கள். அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தால் வாய் திறக்கவில்லை. தன் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் ஆடுகிறவர்களுக்குக் கணிதப் பாடம் நடத்தவில்லை. அவர்கள் மனக்கணக்குக்குத் தக்கபடி விதியை வளைத்தார்.

ஆனால் இதே அறிவு எந்தக் கைக்குப் போகிறது என்பதில் எனக்குக் கவலை உண்டு. ஆடுகிறவரின் மனம் எங்கே இளகும், எங்கே துடிக்கும் என்று தெரிந்தவர், அந்த இடத்தில் உண்டியலையும் வைக்கலாம். 2017இல் வந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 கேமைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், டார்த் வேடர் என்ற பாத்திரமாக ஆடுவதற்கு, கேமுக்குள் கிடைக்கும் கிரெடிட் புள்ளிகள் 60,000 சேர்க்க வேண்டியிருந்தது. பல பத்து மணி நேர உழைப்பு அது. அதைவிட விரைவாக முன்னேற, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. முதலில் 60,000 என்பதை 15,000 ஆக்கினார்கள். எதிர்ப்பு அடங்கவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய நாள் காசு வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியம் நாடு இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

இங்கே நான் கவனிப்பது ஒன்று. வருமானப் பட்டியலும் ஒருவகைக் கருத்துதான் என்று சொல்கிற ஆட்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். "காசு கொடுக்கிறார்கள், அப்படியென்றால் பிடித்திருக்கிறது" என்பார்கள். தாகத்தில் வாடுகிறவன் தண்ணீருக்குக் காசு கொடுத்தால், அவனுக்குத் தாகம் பிடித்திருக்கிறது என்று பொருளா? இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை, ஒருநாளும் ஏற்கப்போவதில்லை.

நல்ல எண்ணத்தோடு கொடுத்த மருந்தும் கெடுக்கும். பிளிஸார்டின் டயாப்லோ 2 கேமை ஆடியவர்கள் கேமுக்கு வெளியே ஆயுதங்களை விற்று வாங்கி, பலர் ஏமாந்தார்கள். பாதுகாப்பான சந்தை வேண்டும் என்ற தேவை உண்மையானது. 2012இல் டயாப்லோ 3 வந்தபோது பிளிஸார்ட் ஏலக் கடையை உள்ளேயே திறந்தது. உண்மைப் பணத்துக்கும் விற்கலாம். அசுரனைக் கொன்றால் என்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் அந்தக் கேமின் உயிர். நல்ல வாள் கடையிலேயே கிடைக்கும்போது அசுரனை ஏன் தேடிப் போக வேண்டும்? கேட்டதைக் கொடுத்ததில் உயிர் போயிற்று. 2014 மார்ச் 18 அன்று கடையை மூடினார்கள். காசு வருகிற கடையைத் தாங்களே இழுத்து மூடியதை நான் மதிக்கிறேன்.

நான் மாணவர்களிடம் அதிகம் பேசுவது டார்க்கெஸ்ட் டஞ்சனைப் பற்றி. கனடாவின் வான்கூவரில் ரெட் ஹுக் என்ற சிறு குழு செய்த கேம். 2015 பிப்ரவரியில், முழுதாக முடியுமுன்பே ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் ஆடிக்கொண்டே கருத்துச் சொல்வார்கள், குழு திருத்திக்கொண்டே போகும். நம் பக்கம் நான்கு வீரர்கள் வரிசையாக, எதிரே எதிரிகள் வரிசையாக. முன்வரிசை எதிரியைக் கொன்றால் பின்வரிசைக்காரன் தானாக முன்னால் வந்துவிடுவான். எனவே ஆடியவர்கள் எல்லாரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். முன்னால் நிற்பவனை வெட்டிக்கொண்டே இருந்தால் போதும். பின்னால் நிற்பவனைத் தாக்கவென்றே செய்த திறமைகள் துருப்பிடித்துக் கிடந்தன.

ஜூலையில் ஒரு அப்டேட் வந்தது. கொல்லப்பட்ட எதிரியின் பிணம் அந்த இடத்திலேயே கிடக்கும். பின்வரிசைக்காரன் முன்னால் வரமாட்டான். மன அழுத்தம் எல்லை மீறினால் வீரனுக்கு மாரடைப்பு வரும். ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதுவரை பாராட்டியவர்களே திட்டினார்கள். எங்கள் காசில் செய்த கேமை எங்களிடமிருந்து பறிக்கிறீர்கள் என்றார்கள்.

அந்தக் குழுவின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மாற்றம் சரி என்று உங்களுக்குத் தெரியும். நிலைத்து நின்று யோசிக்கவைப்பதுதான் உங்கள் கேம். ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது அல்ல. மறுபக்கம், கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஐம்பது மணி நேரம் ஒரு விதியை நம்பி வளர்த்த படை ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது. ரெட் ஹுக் பின்வாங்கவில்லை. பிணமும் மாரடைப்பும் கேமின் இயல்பான விதிகளாகவே இருந்தன. வேண்டாதவர்கள் அணைத்துவைத்துக்கொள்ள அமைப்புப் பக்கத்தில் வசதி மட்டும் கொடுத்தார்கள். 2016 ஜனவரியில் முழுக் கேம் வந்தபோதும் அப்படியே. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இங்கே நான் பார்ப்பது, பாட்டி கடைக்குட்டிக்குக் கொடுத்த அதே சலுகை. ஆட்டத்தின் விதி மாறவில்லை, இறங்க முடியாதவன் இறங்கிக்கொண்டான்.

ஹேடிஸ் கேமில் இந்தச் சலுகை இன்னும் அழகாக இருக்கிறது. விரும்புகிறவர் அதற்கான வசதியை இயக்கினால் அடிபடும் வலிமை 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறைந்து 80 வரை போகும். தோல்வியே கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது.

கருத்துக்கு எடை போடுவதற்குப் பதில் ஓட்டு எடுத்துவிட்டால் என்ன? அதையும் ஒரு நிறுவனத்தார் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜேகெக்ஸ் நிறுவனம், ரூன்ஸ்கேப் கேமைப் பல ஆண்டுகள் மாற்றிக்கொண்டே போனதில் பழைய ஆட்டக்காரர்கள் மனம் விட்டுப்போனார்கள். 2007இல் எடுத்துவைத்த நகல் ஒன்று கிடைத்தது. ஆடுகிறவர்களின் ஓட்டைக் கேட்டு, 2013இல் அந்தப் பழைய கேமையே ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று தனியாகத் திறந்தார்கள். புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் நூற்றுக்கு 75 பேர் ஒப்ப வேண்டும் என்பது விதி. 2022இல் அதை 70 ஆக்கினார்கள். அந்தக் கேம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காயம்பட்ட நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர ஓட்டு உதவியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் ஓட்டுச்சாவடிக்கு வருகிறவர்கள் ஊரில் இருக்கிறவர்கள் மட்டுமே. ஊரை விட்டுப் போனவர் ஓட்டுப் போடுவதில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் கிணற்றடியில் மாட்டிக்கொண்டு, விரலைத் துடைத்துப் பார்த்து, போனை வைத்துவிட்டுப் போன குழந்தையின் ஓட்டு எந்தப் பெட்டியிலும் விழாது. பல ஆண்டுகள் ஆடியவர் சொல்லும் பத்துப் பக்கக் கருத்து நம் மேசையில் இருக்கும். போய்விட்டவரின் மௌனம் இருக்காது. அந்த மௌனத்துக்கும் எடை உண்டு, பல நேரம் அதற்குத்தான் அதிக எடை.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012இல் மாஸ் எஃபெக்ட் 3 முடிவு பிடிக்காதவர்கள், கனடாவின் எட்மன்டனில் இருந்த அதைச் செய்த பயோவேர் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப்கேக்குகள் அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். மூன்றும் ஒரே சுவை. கேமின் முடிவில் நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நிறம்தான் மாறுகிறது, நடப்பது ஒன்றே என்பதுதான் அவர்கள் குறை. குறையை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு நாகரிகமாக யாரும் சொன்னதில்லை. சில மாதங்களில், முடிவை அடியோடு மாற்றாமல், விளக்கி விரித்த பகுதி ஒன்று இலவசமாக வந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை கேமின் வெளியீடு சில வாரம் தள்ளிப்போனதற்காக, அதைச் செய்த ஹலோ கேம்ஸ் நிறுவனர் ஷான் மரேவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆகஸ்டில் கேம் வந்தபோது, சொன்ன பல அம்சங்கள் அதில் இல்லை. அந்த ஏமாற்றம் நியாயமானது. மிரட்டல் எந்தக் காலத்திலும் நியாயமாகாது. மிரட்டலில் எடை போட ஒன்றுமே இல்லை, அதைத் தராசில் ஏற்றவே கூடாது. அந்தச் சிறு குழு சில மாதம் வெளியே பேசுவதை நிறுத்தியது. நவம்பரில் முதல் பெரிய அப்டேட்டை இலவசமாகக் கொடுத்தது. 2018இல் எல்லாரும் எதிர்பார்த்த, பலர் சேர்ந்து ஆடும் வசதி ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் இலவசமாகவே. 2024இல் ஸ்டீமில் அதன் ஒட்டுமொத்த மதிப்பீடு மிகச் சாதகம் என்ற நிலைக்கு ஏறியது. எட்டு ஆண்டுகள் ஆயிற்று. விளக்க அறிக்கை எழுதிக்கொண்டிருக்காமல் வேலையால் பதில் சொன்னார்கள்.

தராசைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். தராசுக்கு ஒரு முள் வேண்டுமே, அது எது என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில், இந்தக் கேமை ஆடுகிறவர் மனதில் என்ன நிகழ வேண்டும் என்று செய்கிறவர் தனக்குள் தெளிவாகச் சொல்லிக்கொண்ட ஒரு வாக்கியம்தான் அந்த முள். ரெட் ஹுக்குக்கு அது இருந்தது. டயாப்லோ குழு அதை மறந்து, பிறகு நினைவுக்குக் கொண்டுவந்தது. அந்த வாக்கியம் இல்லாதவருக்கு வருகிற எல்லாக் கருத்தும் சரியாகத் தோன்றும், அல்லது எல்லாமே தவறாகத் தோன்றும். என்னிடம் கேம் கற்க வருகிறவர்களிடம் நான் முதல் நாளே அந்த வாக்கியத்தை எழுதி வாங்கிவிடுகிறேன். புகார் வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்கிறேன்.

இந்த அரங்கில் கேம் செய்கிற மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். முடிந்தபிறகு காட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். பாதியில் இருக்கும்போதே, உங்களைத் தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். தெரிந்தவர் "சூப்பர்" என்றுதான் சொல்வார். பின்னால் உட்காருங்கள், பேசாதீர்கள், கையைப் பாருங்கள்.

ஆடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிடிக்காத கேமை "மொக்கை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீர்கள், அதை மட்டும் இரண்டு வரி எழுதுங்கள். தீர்வு சொல்ல வேண்டியதில்லை. கேம் செய்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். எனக்கு வருகிற ஒவ்வொன்றையும் நானும் படிக்கிறேன்.